முறிவும் காயமும்

பாடம் 7 – உரைநடை

நுழையும்முன்

ஒரு குடும்பத்தில் பிறந்த மொழிகள் பல சொற்களைப் பொதுவாகக் கொண்டிருக்கும். ஆனால், ஒரே சொல் ஒரு மொழியில் ஒரு பொருளையும் மற்றொரு மொழியில் வேறொரு பொருளையும் தருவதுண்டு. அத்தகைய ஒரு சொல்லால் ஓர் ஆசிரியர் செய்த பிழையையும், அப்பிழையை அவர் உணர்ந்த விதத்தையும் இப்பாடம் கூறுகிறது. கொச்சியில் வாழ்ந்துகொண்டு தமிழ் கற்கும் உங்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாமலும் இருக்கலாம்.

பாடம்

நான் பணிமாறுதல் பெற்றுக் கொச்சிக்கு வந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. தென்மேற்குப் பருவமழை இடைவிடாது பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. முதல் பாடவேளை தொடங்கிக் கால்மணி நேரம் கடந்த பின்னர், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நனைந்த உடையுடன் வாயிலில் வந்து நின்றான்.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டேன்.

அவன் தலைகுனிந்து நின்றான். அவனுடைய நண்பன் எழுந்தான். அவன் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவன். தமிழை அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தான்.

"ஐயா, இவனுக்குக் காலில் முறிவு" என்றான்.

முறிவு என்றதும் எலும்பு முறிவுதான் என் நினைவுக்கு வந்தது. கால் முறிந்தவன் மழையில் நடந்து வருவானா?

"கால் முறிந்தவன் மாடிப்படி ஏறி வந்துவிட்டானா? பொய்க்கும் ஓர் அளவு வேண்டும்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அம்மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சொல்லும் பேசாமல் தன் இடத்திற்குச் சென்று அமர்ந்தான். அவன் வலக்காலை நீட்டியே வைத்திருந்ததைக் கண்டேன். ஆனால், அதற்கான காரணத்தைக் கேட்கவில்லை. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை, உங்கள் பயிற்சி ஏடுகளை நூற்கட்டுநரிடமிருந்து பெற்று வருவதற்காகப் புறப்பட்டேன். அவருடைய கடை மட்டாஞ்சேரி பஜார் சாலையில், மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளுக்கு இடையே இருந்தது. ஏழு மணிக்குக் கடையை அடைத்துவிடுவார்.

மகிழுந்தில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்ற ஓசை மட்டும் எழுந்தது. மீண்டும் திருப்பினேன், அதே ஓசை. விளக்கு எரிந்தது, ஒலிப்பானும் ஒலித்தது. ஆயினும், வண்டி கிளம்பவில்லை.

துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்டைவீட்டுப் பெரியவர் குடையுடன் வந்து முன்மூடியைத் திறக்கச் சொன்னார். பேட்டரியின் முனைகளில் வெண்மையும் நீலப்பச்சையும் கலந்த தூள் திரண்டிருந்தது.

"விளக்குக்குச் சிறிதளவு மின்சாரம் போதும். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கு மிகுதியான மின்சாரம் வேண்டும். இந்தத் தூள் இடையில் நின்று அதைத் தடுக்கிறது. இதை நீங்கள் முன்பே பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். இரண்டு வாரங்களுக்கு முன்னரே பார்த்திருந்தேன். 'பிறகு துடைக்கலாம்' என்று மூடிவிட்டேன். பத்து நிமிடப் பணி. அதைத் தள்ளிப்போட்டதன் பயனை அன்று கண்டேன்.

பெரியவர் தம் மிதிவண்டியை எனக்குத் தந்தார். "சாலை வழுக்கும்; மெல்லச் செல்லுங்கள்" என்றும் எச்சரித்தார். மிதிவண்டி ஓட்டிப் பல்லாண்டுகள் ஆகியிருந்தும், அந்த எச்சரிக்கையை நான் பொருட்படுத்தவில்லை. இடக்கையில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் ஓட்டிச் சென்றேன்.

கப்பலண்டிமுக்கை நெருங்கியபோது ஒரு தானி திடீரென எனக்கு முன்னே நின்றது. என் வலக்கையில் இருந்தது முன்சக்கர பிரேக். அதை இறுகப் பிடித்தேன். ஈரச் சாலையில் முன்சக்கரம் சறுக்கியது. குடை ஒருபுறம், நான் ஒருபுறம், மிதிவண்டி என்மேல் என்று விழுந்தோம்.

வழியில் சென்ற இருவர் ஓடிவந்து என்னைத் தூக்கினர். எதிரிலிருந்த மருந்துக் கடைக்கு என்னை அழைத்துச் சென்று அமர்த்தினர். கடைக்காரர் என்னைப் பார்த்து, "மாஷே, முறிவு உண்டோ?" என்று கேட்டார். ஆசிரியரை இங்கு 'மாஷ்' என்று அழைப்பதை நீங்கள் அறிவீர்கள்.

நான் பதறி, "இல்லை, இல்லை! முறிவு ஒன்றும் இல்லை. காலை நன்றாக மடக்க முடிகிறது" என்றேன்.

அவர் குழப்பத்துடன் என் முழங்கையைச் சுட்டிக் காட்டினார். தோல் உரிந்து குருதி வழிந்துகொண்டிருந்தது. "இது முறிவு அல்லே?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் வலி மறந்துபோயிற்று. மலையாளத்தில் 'முறிவு' என்றால் காயம். அப்படியானால், திங்கட்கிழமை அந்த நண்பன் பொய் சொல்லவில்லை. தான் அறிந்த சொல்லால், தான் கண்ட உண்மையைச் சொல்லியிருக்கிறான். பொய் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தவன் நானே.

"வெள்ளத்தில் கழுகணம்" என்று கடைக்காரர் கூறினார். தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது அதன் பொருள். குழாய் நீரில் மண் முழுவதும் நீங்கும்வரை முழங்கையைக் கழுவி, தூய துணியால் கட்டினார். மிதிவண்டியை அவர் கடையிலேயே நிறுத்திவிட்டு ஒரு தானியில் ஏறினேன். ஓட்டுநர் எங்கே செல்ல வேண்டும் என்று கேட்டார். நூற்கட்டுநர் கடை அருகில்தான் இருந்தது. மணி ஏழாகச் சிறிது நேரமே இருந்தது.

"வெளிக்குப் போங்கள். தோபிகானா" என்றேன்.

கோட்டைக் கொச்சியில் உள்ள வெளி என்னும் பகுதியில், தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்வதை நீங்கள் அறிவீர்கள். அம்மாணவனின் வீடும் அங்கேதான் இருந்தது. மழைக்காகக் கூரையின்கீழ் கட்டிய முறுக்குக் கயிறுகளின் இடையே வெள்ளைத் துணிகள் செருகப்பட்டிருந்தன. கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாருங்கள் ஐயா. உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று என் கட்டைப் பார்த்துக் கேட்டார். நான் அவருடைய பேரனின் காலைக் கண்டபோது கேட்காத கேள்வியை, என் கையைக் கண்டதும் அவர் முதலில் கேட்டார்.

அம்மாணவன் பாயில் படுத்திருந்தான். முழங்காலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அதை அவிழ்த்தபோது காப்பித்தூள் அப்பிய புண் தெரிந்தது. சுற்றிலும் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது.

"தாத்தாவுக்குக் காய்ச்சல். அதனால் திங்கட்கிழமை காலையில் விடுதிக்குத் துணி கொண்டுபோய்க் கொடுக்க இவனை அனுப்பினோம். மூட்டையைக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போயிருக்கிறான். அது முன்சக்கரக் கம்பிகளில் சிக்கி, குப்புற விழுந்துவிட்டான். ஆனாலும், துணி ஈரமாகாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்தான்" என்றார் பாட்டி.

நான் அவன் அருகில் அமர்ந்தேன். "அடிபட்டது என்று அன்று என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் தாமதத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள் ஐயா" என்றான்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. வாயிலில் நின்றிருந்த அதே தானியில் அவனையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். செவிலியர் அவன் நெற்றியைத் தொட்டு, "பனி உண்டோ?" என்று கேட்டார். இம்முறை நான் விரைந்து விடை கூறவில்லை, பாட்டியைப் பார்த்தேன். "காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறார்கள் ஐயா" என்று அவர் விளக்கினார்.

மருத்துவர் புண்ணைத் தூய்மை செய்து, சிறு கற்துகள்களை அகற்றி, ஊசியும் மருந்தும் அளித்தார். "சிறிய சிராய்ப்புதான். அன்றே தண்ணீரில் கழுவியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இன்னும் தாமதித்திருந்தால் சீழ் உள்ளே பரவியிருக்கும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அவன் வகுப்புக்கு வந்தான். அன்று பாடத்தைத் தொடங்கும்முன், அவனிடமும் அவன் நண்பனிடமும் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். பின்னர்க் கரும்பலகையில் 'முறிவு' என்று எழுதினேன். "இச்சொல்லுக்கு இரண்டு மொழிகளிலும் என்ன பொருள் என்பதை இன்று நமக்கு விளக்கப்போகிறவர் இவர்" என்று அந்த நண்பனை அழைத்தேன். அவன் எழுந்து வந்து, தன் புதிய தமிழில், ஒரு பிழையும் இல்லாமல் விளக்கினான்.

மாணவர்களே! விழுவது எவருக்கும் நேரும். வண்டி பழுதாவதும் எவருக்கும் நேரும். விழுந்து வந்தவரிடம் முதலில் காரணத்தைக் கேட்காமல் காயத்தைக் காணுங்கள். அவர் சொல்லும் சொல் உங்களுக்கு வியப்பாக இருந்தால், சிரிக்கும்முன் அதன் பொருளைக் கேட்டுத் தெளியுங்கள்.

தெரிந்து தெளிவோம்

1. கொச்சி 1663 முதல் 1795 வரை டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்கள் காலத்தில் சலவைத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழியினராகத் தோபிகானா மக்கள் தம்மைக் கூறுவர். இன்றுள்ள சலவைக்கூடம் 1976ஆம் ஆண்டில் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமத்தால் கட்டப்பட்டது.

2. சிராய்ப்பு ஏற்பட்டால், முதலில் கைகளைக் கழுவிக்கொள்க. காயத்தை ஓடும் நீரில் நன்கு கழுவுக. தூய துணியால் அழுத்திக் குருதியை நிறுத்துக, பின்னர்க் கட்டுக. காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை, மண் ஆகியவற்றை இடுதல் கூடாது. சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவரிடம் செல்க.

3. இரண ஜன்னி நோயைத் தரும் நுண்ணுயிரி மண்ணிலும் புழுதியிலும் சாணத்திலும் வாழ்கிறது. துருப்பிடித்த இரும்பால் மட்டுமே இந்நோய் வரும் என்பது தவறு. இந்நோய்க்கான தடுப்பூசி நம் நாட்டில் குழந்தைப் பருவத்திலும், பின்னர் 10 வயதிலும் 16 வயதிலும் இலவசமாக இடப்படுகிறது.

4. மிதிவண்டியில் செல்லும்போது சுமையைப் பின்புறக் கேரியரில் கட்டுக, கைப்பிடியில் தொங்கவிடாதே. மழையில் குடை பிடித்து ஓட்டாதே; மழைச்சட்டை அணிக. இரண்டு பிரேக்குகளையும் ஒருசேர, மெல்லப் பிடித்து நிறுத்துக.

5. மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரைச் சட்டம் காக்கிறது. 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு இதனைக் கூறுகிறது. அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108.

சொல்லும் பொருளும்

நூற்கட்டுநர் – புத்தகங்களைத் தைத்துக் கட்டுபவர்
மகிழுந்து – கார்
தானி – ஆட்டோ
குருதி – இரத்தம்
சிராய்ப்பு – தோல் உரிந்த காயம்
இரண ஜன்னி – டெட்டனஸ்
கரிப்பெட்டி – கரிக்கங்கு இட்டுத் துணி தேய்க்கும் பெட்டி

ஒரு சொல், இரு மொழி

முறிவு: தமிழில் உடைதல், மலையாளத்தில் காயம்
வெள்ளம்: தமிழில் பெருக்கெடுத்து வரும் நீர், மலையாளத்தில் தண்ணீர்
பனி: தமிழில் குளிரால் படியும் நீர்த்துளி, மலையாளத்தில் காய்ச்சல்
கழுகு: தமிழில் ஒரு பறவை, மலையாளத்தில் 'கழுவு' என்னும் ஏவல்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மகிழுந்து கிளம்பாததற்குக் காரணம்
(அ) எரிபொருள் தீர்ந்தமை (ஆ) பேட்டரி முனைகளில் தூள் படிந்தமை (இ) சக்கரத்தில் காற்று இல்லாமை

2. மாணவன் மிதிவண்டியிலிருந்து விழக் காரணம்
(அ) குடை (ஆ) தானி (இ) சக்கரத்தில் சிக்கிய துணிமூட்டை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. விளக்கு எரிந்தும் வண்டி ஏன் கிளம்பவில்லை?
2. "இது முறிவு அல்லே?" என்ற கேள்வி ஆசிரியருக்கு எதை உணர்த்தியது?
3. மருத்துவமனையில் ஆசிரியர் ஏன் விரைந்து விடை கூறவில்லை?

இ. சுருக்கமாக விடை எழுதுக.

1. "நீங்கள் தாமதத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள் ஐயா." இக்கூற்றில் மாணவனின் மனநிலை எவ்வாறு வெளிப்படுகிறது?
2. பேட்டரியில் படிந்த தூளுக்கும் மாணவனின் காயத்திற்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.

ஈ. தொடரில் அமைத்து எழுதுக.

முறிவு, வெள்ளம், பனி, கழுகு (தமிழ்ப் பொருளில் மட்டும்)

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ தமிழிலும் மலையாளத்திலும் வெவ்வேறு பொருள் தரும் ஐந்து சொற்களைக் கேட்டறிந்து பட்டியலிடுக. அவற்றுள் ஒன்றால் நேர்ந்த குழப்பத்தைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.