டிஷ்வாஷருக்குள் எது போகலாம், எது போகக் கூடாது? வெளிநாடு போகும் தங்கச்சிக்கு அக்கா சொல்வது

எட்டியாந்தோட்டையோ தெஹியோவிட்டவோ, இறக்குவானையோ பலாங்கொடையோ, நீ எந்தத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி. குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாய் என்றால், கொஞ்சம் உட்கார்ந்து இதைக் கேள். அந்த வீட்டில் சீக்கிரமாக உன் பேரைக் கெடுக்கக்கூடியது டிஷ்வாஷர்தான். வாஷிங் மெஷினில் தப்பு நடந்தால் ஒரு சட்டை சாயம் போகும். டிஷ்வாஷரில் தப்பு நடந்தால் ஒரு செட் கப்பின் தங்கக் கரை மொத்தமாகப் போய்விடும்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சியில் மெஷின்களை எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். பட்டன் அழுத்துவது பெரிய வித்தை இல்லை. எந்தச் சாமானை உள்ளே வைக்கக் கூடாது என்பதைத்தான் பிள்ளைகள் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நான் வேலை செய்த வீடுகளில் பார்த்ததையும், பக்கத்து டிவிஷன் பிள்ளைகள் வந்து அழுததையும் வைத்துத்தான் சொல்கிறேன். கொழும்பில் வீடுகளுக்கும் ஹோட்டல் குசினிக்கும் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

உள்ளே என்ன நடக்கிறது?

கதவைச் சாத்தினதும் மேலும் கீழும் இருக்கிற கைகள் சுற்றிச் சுற்றிச் சுடுதண்ணீரைப் பீய்ச்சும். புரோகிராமைப் பொறுத்துச் சூடு 50 பாகையில் இருந்து 70 பாகை வரைக்கும் போகும். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் சாமான் அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் கிடக்கும். அதோடு பவுடர். நாம் கையால் கழுவுகிற சவர்க்காரத்தை விட அது பல மடங்கு காரம். காய்ந்து போன எண்ணெயையும் முட்டையையும் தேய்க்காமலே கரைக்க வேண்டும் என்றால் அப்படித்தான் இருக்கும். நீ ரப்பர் தோட்டத்துப் பிள்ளை என்றால், பால் உறைய ஊற்றுகிற அசிட்டை எவ்வளவு பயந்து தொடுவாயோ அவ்வளவு பயம் இந்தப் பவுடரிலும் இருக்கட்டும். கண்ணில் படக் கூடாது. ஈரக் கையால் எடுக்கக் கூடாது. கலர் கலராக மிட்டாய் மாதிரிக் கட்டியாக வருகிற டேப்லெட்டை வீட்டுக் குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நிமிஷம்கூட வைக்காதே. குழந்தைகள் கடித்துவிடும்.

ஆக, சூடு, காரம், நீண்ட நேரம் ஈரம். இந்த மூன்றையும் தாங்குமா என்று ஒவ்வொரு சாமானையும் பார்த்துக் கேள். அதற்குத் தங்கமும் தாங்காது, மரமும் தாங்காது.

முதல் வேலை: அடியைத் திருப்பிப் பார்

இங்கிலீஷும் அரபும் வாசிக்கத் தெரியாவிட்டாலும் படம் பார்க்கலாம். தட்டுக்கு மேலே தண்ணீர்த் துளி விழுகிற மாதிரிப் படம் இருந்தால் மெஷினில் போடலாம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. கிளாஸும் முள்ளுக்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படத்தைப் பார்த்து "ஆ, இது மெஷின் சாமான்" என்று நிறையப் பேர் உள்ளே வைத்துவிடுகிறார்கள். அந்தப் படத்துக்கு, இதில் சாப்பாடு வைக்கலாம் என்பது மட்டும்தான் அர்த்தம். மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. படம் ஒன்றும் இல்லையா? அப்போது கீழே உள்ளதைப் பார்.

உள்ளே வைக்கவே கூடாதவை

1. தங்கக் கரை, வெள்ளிக் கரை, மேலே பூ வரைந்த சாமான். அரபு வீட்டில் கஹ்வா என்கிற அரபுக் கோப்பி குடிக்கிற பிஞ்சான் கப்பும், தேநீர் குடிக்கிற இஸ்திகான் கிளாஸும் பெரும்பாலும் இந்தச் சாதிதான். விருந்தாளி வந்து போனால் தட்டுத் தட்டாக வந்து குவியும். இடுப்பு வலியோடு நிற்கிற நேரம், மெஷினுக்குள் தள்ளிவிடலாம் என்றுதான் மனசு சொல்லும். தள்ளாதே. கரை ஒரே நாளில் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு நாள் மேடம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். அந்த நேரம் அங்கே நிற்பது நீதான். குறுக்கு வழி ஒன்று சொல்கிறேன். கஹ்வாவில் பாலும் இல்லை, எண்ணெயும் இல்லை. காய விடாமல் உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் விரலால் தடவினாலே போய்விடும். சிங்க்கின் அடியில் ஒரு துவாயை விரித்துக்கொள், கப் வழுக்கினாலும் உடையாது. இரண்டு இரண்டாக எடு, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டு போகாதே. பச்சை நிற நார் போட்டுத் தேய்க்காதே, அதுவும் கரையைச் சுரண்டிவிடும். நம்மூரிலும் இதே கதைதான். இரத்தினபுரி டவுனில் மாணிக்கக்கல் முதலாளி வீட்டு அலுமாரியில் இருக்கிற, மாத்தளையில் செய்த நொரிட்டாகே பீங்கான் செட்டுக்குக் கரை இருந்தால் கையால்தான் கழுவ வேண்டும்.

2. அலுமினியம். கப்ஸா சோறு ஆக்குகிற பெரிய அண்டா, இறைச்சி அரைக்கிற கைமெஷினின் பாகங்கள், பூண்டு நசுக்கி. அலுமினியத்துக்கு மேலே இயற்கையாகவே ஒரு மெல்லிய படலம் இருக்கும், அதுதான் அதைக் காப்பாற்றுகிறது. பவுடரின் காரம் அதைத் தின்றுவிடும். வெள்ளையாகப் போனது கரிச்சட்டி மாதிரிக் கறுத்து வெளியே வரும், தொட்டால் கையில் மை ஒட்டும். கறுத்துவிட்டால் பயந்து ஒளிக்காதே. தண்ணீரோடு எலுமிச்சம்பழத் துண்டுகளைப் போட்டுக் கொதிக்க வை, பெருமளவு தெளியும். ஆனால் பழைய பளபளப்பு திரும்பாது. இறைச்சி மெஷின் பாகங்கள்தான் நிறையப் பேரை ஏமாற்றும், பார்க்க ஸ்டீல் மாதிரியே இருக்கும். தூக்கிப் பார்த்தால் எடை குறைவு, காந்தமும் ஒட்டாது. ஆனால் காந்தம் ஒட்டாத நல்ல ஸ்டீலும் உண்டு. அதனால் எடையையும் நிறத்தையும் சேர்த்துப் பார்.

3. பித்தளை, செம்பு, முலாம் பூசியது. கஹ்வா ஊற்றுகிற தல்லாவைச் சொல்கிறேன். சில வீட்டில் அது பாட்டி காலத்துச் சாமான். மெஷினில் போட்டால் மங்கும், முலாம் உரியும். விலையை விட அவர்களுக்கு அதில் பாசம் அதிகம், கோபமும் அப்படியே வரும். வெள்ளிக் கரண்டியையும் ஸ்டீல் கரண்டியையும் ஒரே கூடையில் போடாதே. ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டு கிடந்தால் வெள்ளியில் கறை பிடிக்கும்.

4. பிளாஸ்க். இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு சுவருக்கு நடுவில் காற்று இல்லாமல் மூடி வைத்திருப்பதால்தான் சூடு நிற்கிறது. மெஷின் சூட்டில் மூட்டு விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்கினால், அதற்குப் பிறகு அது வெறும் போத்தல்தான். உள்ளே வெந்நீரும் கொஞ்சம் அப்பச்சோடாவும் போட்டு வைத்துவிட்டு நீ வேற வேலையைப் பார், அரை மணி நேரத்தில் நாற்றமும் கறையும் போய்விடும்.

5. மரம். மரக்கரண்டி, வெட்டுப் பலகை, சப்பாத்திக் கட்டை, மரப்பிடி போட்ட கத்தி, நம் சிரட்டை அகப்பை. ஊறும், காயும், வெடிக்கும்.

6. நல்ல கத்தி. தண்ணீர் வேகத்தில் மற்றச் சாமானில் இடிபட்டு வாய் மழுங்கும். நீ கூடைக்குள் கை விடும்போது உன் கையையும் வெட்டும்.

7. இரும்புக்கல்லும் மண்சட்டியும். தோசைக்கல், ரொட்டிக்கல்லில் எண்ணெய் ஏறி ஏறித்தான் பதம் வந்திருக்கும். ஒரே கழுவலில் அது போய்த் துருப்பிடிக்கும். கேகாலை மொலகொடையில் வாங்கின மாதிரி மண்சட்டியை உள்ளே வைத்தால், மண்ணின் துவாரங்களுக்குள் பவுடர் இறங்கிவிடும், அடுத்த கறியில் அதைத்தான் சாப்பிடுவாய். மண்சட்டிக்குச் சுடுதண்ணீரும் தேங்காய்த் தும்பும் போதும்.

8. பிரஷர் குக்கர் மூடி, பிளெண்டரின் மோட்டார்ப் பகுதி, கரண்ட் வயர் போகிற எதுவும். குக்கர் மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போகும், ஆவி போகிற துவாரத்தில் பருக்கை போய் அடைத்தால் ஆபத்து. பிளெண்டர் ஜாரில் கத்தியைக் கழற்ற முடியாவிட்டால் கையாலேயே கழுவு.

நொன்ஸ்டிக் சட்டி விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. போடலாம் என்று எழுதியிருந்தாலும் நான் போட மாட்டேன். ஸ்பொஞ்சால் துடைத்தால் அரை நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு எதற்கு மெஷின்?

தாராளமாகப் போடலாம்

ஸ்டீல் தட்டு, ஸ்டீல் சட்டி, கரண்டி, கரையில்லாத வெள்ளைப் பீங்கான், தடித்த சாதாரணக் கண்ணாடி, அவனில் வைக்கிற கண்ணாடித் தட்டு. பிளாஸ்டிக் டப்பா என்றால் மேல் தட்டில் மட்டும். சூடாக்குகிற கம்பி பல மெஷின்களில் அடியில்தான் இருக்கிறது, கீழே வைத்தால் நெளியும். கடையில் சாப்பாடு வந்த மெல்லிய டப்பாவை எந்தத் தட்டிலும் வைக்காதே.

போடும்போது நடக்கிற தப்புகள்

- பாத்திரம் கழுவுகிற லிக்விட் சவர்க்காரத்தை ஒரு சொட்டுக்கூட மெஷினுக்குள் ஊற்றாதே. பவுடர் முடிந்துவிட்டது, இதுவும் சவர்க்காரம்தானே என்று ஊற்றினால், நுரை கதவு வழியாக வழிந்து குசினி முழுக்க ஓடும். பவுடர் இல்லையென்றால் அன்றைக்குக் கையால் கழுவு.
- எலும்பு, பருக்கை, எலுமிச்சை விதையைத் தட்டில் இருந்து வழித்துவிடு. அதற்காகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி மெஷினில் வைக்காதே, இரண்டு வேலை எதற்கு? அடியில் இருக்கிற வடியைக் கிழமைக்கு ஒருதரம் கழற்றிக் கழுவு. நாற்றம் வருவது அங்கிருந்துதான்.
- கதவைச் சாத்த முன் சுற்றுகிற கையை விரலால் ஒருதரம் சுற்றிப் பார். நீளமான அகப்பை குறுக்கே நின்றால் தட்டெல்லாம் அழுக்காகவே வரும், பழி பவுடருக்குப் போகும்.
- உப்புப் போடுகிற குழியில் கறி உப்பைப் போடாதே. அதற்கென்று தனி உப்பு விற்கிறது.
- முடிந்ததும் உடனே கதவைத் திறந்து முகத்தை நீட்டாதே, ஆவி அடிக்கும். கொஞ்சம் ஆற விட்டு, கீழ்த் தட்டை முதலில் காலி பண்ணு. அப்போதுதான் மேல் தட்டில் தேங்கின தண்ணீர் கீழே காய்ந்த சாமானில் கொட்டாது.

இந்த மெஷின் வந்த கதையையும் தெரிந்துகொள். அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் என்ற பணக்கார வீட்டு அம்மா, வேலைக்காரர்கள் கழுவும்போது தன் பரம்பரைப் பீங்கான் விளிம்பு உடைகிறது என்று குறைப்பட்டுத்தான் இதைச் செய்யப் புறப்பட்டார் என்று சொல்வார்கள். 1886-இல் காப்புரிமை எடுத்து, 1893-இல் சிகாகோ கண்காட்சியில் வைத்தார். பீங்கான் உடைந்தால் பழி கழுவினவள் மேல்தான் என்பது அன்றைக்கே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் உன்னை இவ்வளவு விரட்டுகிறேன்.

முதல் நாளே கேட்டுக்கொள்

பாஷை தெரியாது என்று வெட்கப்படாதே. சாமானைத் தூக்கிக் காட்டி, மெஷினைக் காட்டி "கஸ்ஸாலா?", கையைக் காட்டி "யத்?" என்று கேள். எந்த மேடமுக்கும் புரியும். கையால் கழுவ வேண்டியவற்றைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள். அனுமதி கேட்டுவிட்டுப் பிடி, வீட்டையோ ஆட்களையோ படம் பிடிக்காதே. அவர்களே "போடு" என்று சொன்ன சாமான் கெட்டால் அது உன் தப்பு இல்லை.

ஏதாவது உடைந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. குப்பையில் சுற்றி ஒளித்தால் திருட்டுப் பட்டம் வரும், உடைத்தாள் என்பதை விட அது மோசம்.

திரும்பி வரும்போது ஒரு மெஷினையும் கட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்கிறார்கள். லயத்துக் காம்பராவுக்கு வேண்டாம். தண்ணீரைச் சூடாக்க அது 1,800 வாட்டுக்கு மேலே இழுக்கும், லயத்துப் பழைய வயர் அதைத் தாங்காது. பீலித் தண்ணீருக்கு அழுத்தமும் போதாது. அந்தக் காசைத் தனி வீட்டுக்கு வை. வீடு கட்டி, குழாய் இழுத்து, வயரும் புதிதாகப் போட்ட பிறகு வாங்கலாம், அவசரமே இல்லை.

கடைசியாக ஒன்று. கரை போன கப்புக்காகவோ கறுத்த அண்டாவுக்காகவோ சம்பளத்தை வெட்டினாலும், அடித்தாலும், பொறுத்துக்கொண்டு கிடக்காதே. பணியகத்தில் பதிந்துவிட்டுத்தான் பிளேன் ஏற வேண்டும். அவர்களின் 24 மணி நேரத் தொலைபேசி 1989. அந்த எண்ணையும் நீ போகிற வீட்டு விலாசத்தையும் அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. உனக்குப் பேச முடியாமல் போனால் அம்மா இங்கிருந்து பேசட்டும்.