சக்கரக் குடத்துக்குள் கியர்: மின்மிதிவண்டி வாங்குவோர் அறிய வேண்டியவை

பெங்களூரின் மல்லேஸ்வரம், 1898ஆம் ஆண்டு நகரைத் தாக்கிய பிளேக் நோயை அடுத்துத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட குடியிருப்பாகும். சம்பிகே சாலையும் மார்கோசா சாலையும் நெடுகச் செல்ல, எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள் அவற்றை வெட்டிச் செல்கின்றன. 8ஆம் குறுக்குத் தெருவின் கடைவீதிக்கு மிதிவண்டியில் செல்பவர் சந்திப்புக்குச் சந்திப்பு நின்று புறப்பட வேண்டியிருக்கிறது. இத்தகைய குறுந்தொலைவுப் பயணத்துக்கு மின்மிதிவண்டி பொருத்தமானது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், மின்கலம் நீங்கலான எடை 60 கிலோவுக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு நம் நாட்டில் ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. அவ்வண்டிகளுள் சிலவற்றில் அமைந்துள்ள உட்கியரைப் பற்றி இங்கே காண்போம்.

உட்கியர் என்பது யாது?

பெரும்பாலான கியர் வண்டிகளில் பல பற்சக்கரங்கள் வெளியே தெரியும். சங்கிலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். உட்கியர் வண்டியில் வெளியே ஒரே பற்சக்கரம்தான். கியர்கள் அனைத்தும் பின்சக்கரக் குடத்துக்குள், அதாவது கடைகளில் ‘ஹப்’ எனப்படும் பகுதிக்குள், மூடப்பட்டிருக்கும். நடுவே ஒரு சூரியச் சக்கரம், அதனைச் சுற்றும் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையச் சக்கரம் என்பதே அதன் அமைப்பு.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902இல் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் மூன்று கியர் குடத்தைப் பரவலாக்கியது. அதன் புகழ்பெற்ற வடிவமொன்றில், பற்சக்கரம் ஒருமுறை சுழலும்போது பின்சக்கரம் முதல் கியரில் முக்கால் சுற்றும், இரண்டாவதில் ஒரு சுற்றும், மூன்றாவதில் ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலும் சுழலும். இன்று ஷிமானோவின் நெக்ஸஸ் வரிசையில் எட்டுக் கியர்களும், ஜெர்மனியின் ரோலாஃப் குடத்தில் 14 கியர்களும் கிடைக்கின்றன.

இதன் தலையாய வசதி, வண்டி நின்றிருக்கும்போதே கியரை மாற்றலாம் என்பது. சந்திப்பில் திடீரென நிற்க நேர்ந்தாலும், புறப்படுமுன் தாழ்ந்த கியருக்கு வந்துவிடலாம். மழைக்காலச் சேறும் பற்களுக்குள் எளிதில் புகாது.

மோட்டார் எங்கே உள்ளது?

வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ‘ஹப் மோட்டார்’ வேறு, ‘ஹப் கியர்’ வேறு. பின்சக்கரக் குடத்தில் மோட்டார் இருந்தால் அங்கே உட்கியருக்கு இடமிராது. நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் வண்டிகளுள் பல இவ்வகையின. முன்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் அதன் விசை உட்கியரைத் தொடுவதில்லை. மிதிக்கட்டைகளின் நடுவே மோட்டார் இருந்தால், காலின் விசையும் மோட்டாரின் விசையும் சேர்ந்து சங்கிலி வழியே குடத்துக்குள் செல்கின்றன. ஆகவே, அக்குடம் மின்மிதிவண்டிக்கு உரியதெனத் தயாரிப்பாளர் ஒப்பியுள்ளாரா என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழுதுக்குக் காரணங்கள்

முழு விசையுடன் மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவது முதற்காரணம். பற்கள் முழுமையாகப் பொருந்துமுன் பளு ஏறினால் அவற்றின் விளிம்புகள் தேய்கின்றன. மாற்றும் கணத்தில் மட்டும் மிதிப்பதைச் சற்றே தளர்த்தினால் போதும். உயர்ந்த கியரிலேயே மேட்டில் புறப்படுவதும் தீங்கு.

கேபிள் தளர்ந்திருப்பது இரண்டாவது காரணம். கியர் வழுக்கினாலோ ‘கடக்’ என்ற ஒலி எழுந்தாலோ குடமே பழுதாயிற்று என்று முடிவு கட்ட வேண்டா. நெக்ஸஸ் எட்டுக் கியர் குடத்தில் கைப்பிடியை 4ஆம் கியரில் வைத்துப் பார்த்தால், குடத்தருகே உள்ள இரண்டு கோடுகள் ஒரே நேரில் அமைய வேண்டும். அமையாவிடில் கேபிளின் திருகைச் சிறிது திருப்பிச் சரிசெய்யலாம். கோடுகள் விலகிய நிலையில் வாரக்கணக்கில் ஓட்டினால்தான் உட்பற்கள் சேதமடைந்து பெருஞ்செலவு வரும்.

பராமரிப்பு

மூடியிருப்பதால் உட்கியருக்குக் கவனிப்பே தேவையில்லை என்று எண்ணுதல் தவறு. ரோலாஃப் குடத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எண்ணெய் மாற்ற வேண்டும். ஷிமானோ குடங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மிகுதியாக ஓட்டுவோர் எனில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, உள்மசகு பார்ப்பது நலம். அழுத்தமாகப் பீய்ச்சும் நீரால் குடத்தைக் கழுவலாகாது. நீர் அச்சோரமாக உட்புகுந்து மசகைக் கெடுக்கும். சங்கிலியின் தொய்வையும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பின்சக்கரம் பங்சரானால் கேபிளைக் கழற்றிய பின்பே சக்கரத்தை எடுக்க முடியும். அச்சிலுள்ள வாஷர்களை அதே வரிசையிலும் அதே பக்கத்திலும் மீண்டும் மாட்ட வேண்டும். இடம் மாறினால் அச்சு சுழன்று கியர் பிறழும். தெருமுனைக் கடைக்காரர் இதனை அறிந்திருப்பார் என்று கொள்ள இயலாது. வண்டி வாங்கும் நாளிலேயே விற்பனையாளரைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வோம்.

செலவுக் கணக்கு

உட்கியர் வண்டியின் தொடக்க விலை சற்று உயர்வு. எனினும் சங்கிலி ஒரே கோட்டில் ஓடுவதால் தேய்மானம் குறைவு. எதிர்ப்புறம், குடம் உள்ளே பழுதானால் திறந்து பார்க்கத் தேர்ந்த கைகள் வேண்டும். எனவே கடனோ சேமிப்போ கொண்டு வாங்குமுன் மூன்றைக் கேட்டறிவோம்: உதிரிப்பாகங்கள் இந்நகரிலேயே கிடைக்குமா? உத்தரவாதம் குடத்துக்கும் பொருந்துமா? அதனைத் திறந்து பழுதுபார்க்க உரிமை பெற்றவர் யார்? விலைச்சீட்டையும் வண்டியின் வரிசை எண்ணையும் பத்திரப்படுத்தி, ஆண்டுப் பராமரிப்புக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வருவது பெருஞ்செலவைத் தவிர்க்கும் வழியாகும்.