நக்கோவும் வேண்டாமும்



இந்த மாதச் சுவர் ஏட்டிற்கு "இரு மொழிகளை ஒப்பிடுக" என்று தமிழ் ஐயா தலைப்புக் கொடுத்தார். நிறைய பேர் தமிழையும் ஆங்கிலத்தையும் எடுத்துக்கிட்டாங்க. நான் எங்க வீட்டிலேயே இருக்கிற இரண்டை எடுத்துக்கொண்டேன். வாசலுக்கு வெளியே தமிழ், உள்ளே தக்னி.

தக்னி என்றால் தெற்கத்தி உருது. ஆற்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல வீடுகளில் இதுதான் பேச்சு. இதை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன ரம்ஜானுக்கு ஆம்பூரில் மாமூ வீட்டிற்குப் போயிருந்தோம். தோல் வாங்க கான்பூரிலிருந்து வந்த ஒருவர் அன்றைக்குச் சாப்பிட வந்திருந்தார். பிரியாணி போதும் என்று கையை வைத்துத் தடுத்தார். எங்க நானி விடவில்லை. "நக்கோ போல்கே நக்கோ போலோ" என்றார். அதாவது "வேண்டாம்னு சொல்லாதீங்க". அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது எந்த ஊர் உருது? உடைஞ்சு போன உருது!" என்றார். நானி கத்திரிக்காய்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போனவர்தான். அவர் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

அது உடைந்த மொழிதானா என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு. (தமிழ் எழுத்தில் எழுதுவதால் உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.)

முதலில் வித்தியாசங்கள். தமிழ் திராவிடக் குடும்பம். தக்னி இந்தோ-ஆரியக் குடும்பம். தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம், உருதுவை வலமிருந்து இடமாக. தமிழில் ஒரே ஒரு 'க' இருக்கிறது. உருதுவில் அந்த இடத்தில் ஏழெட்டு ஒலி! பதிலுக்கு, உருதுவில் 'ழ' கிடையாது. நான் "பளம்" என்று படித்ததற்கு வகுப்பே சிரித்தது ஞாபகம் இருக்கா? (எங்க தெருவில் தமிழ் வீட்டுக்காரங்களும் "வாயப்பயம்" என்றுதான் சொல்றாங்க. அதுக்கு யாரும் சிரிக்கிறதில்லை.) தமிழில் உயிரில்லாத பொருள் எல்லாம் அஃறிணை. உருதுவில் அதற்கும் ஆண், பெண் உண்டு. கதவு ஆம்பளை, ஜன்னல் பொம்பளை!

இனி ஒற்றுமை. "நான் நாளைக்கு வருவேன்னு சொன்னான்." இதை வடக்கத்தி உருதுவில் "உஸ்னே கஹா கி மைன் கல் ஆவூங்கா" என்பார்கள். "அவன் சொன்னான்" முதலில் வந்துவிடும், சொன்ன விஷயம் பின்னால் வரும். தக்னியில் "மைன் கல் ஆத்தூன் போல்கே போல்யா". வார்த்தைக்கு வார்த்தை தமிழ் வரிசை! 'போல்கே' என்றால் 'சொல்லி'. நம்ம 'என்று' என்பதும் 'என்' என்ற வினையிலிருந்து வந்ததுதான், அதற்கும் சொல்லுதல் என்றே பொருள் என்று ஐயா விளக்கினார். அதாவது தமிழ் வாக்கியத்தின் அச்சில் உருதுச் சொற்களை ஊற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்று. "நான் ரொட்டி சாப்பிட்டேன்" என்பதை வடக்கே "மைன்னே ரொட்டி காயீ" என்பார்கள். ரொட்டி பெண்பால் என்பதால் வினையும் பெண்பால். சாப்பிட்டது நான், ஆனால் வினை ரொட்டியைப் பார்க்கிறது! தக்னியில் நான் "மைன் ரொட்டி காயா" என்பேன். தமிழ் மாதிரியே சாப்பிட்ட ஆளைத்தான் வினை பார்க்கும். 'நக்கோ' மராத்தியிலிருந்து வந்த சொல். 'வேண்டாம்' மாதிரி ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடும். வடக்கே இதற்கு "நஹீன் சாஹியே" என்று இரண்டு சொல் வேண்டும்.

குடும்பம் வேறாக இருந்தும் எப்படி இப்படி? பல நூறு வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்ததால்தான். எழுத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இதற்கு நேர் தலைகீழ் உதாரணம் ஒன்று நூலகத்தில் படித்தேன். கம்போடியாவின் கெமர் எழுத்து, இங்கிருந்து கிட்டே இருக்கிற காஞ்சிபுரத்தை ஆண்ட பல்லவர்களின் எழுத்திலிருந்து வந்தது. பூட்டானின் ஜோங்கா மொழிக்குத் திபெத்திய எழுத்து. இரண்டு எழுத்துக்கும் மூலம் பிராமி. ஆனால் மொழிகளுக்குள் உறவே இல்லை. கெமரில் "நான் சாப்பிடுறேன் சோறு" என்ற வரிசை. ஜோங்காவில் தமிழ் மாதிரி வினை கடைசியில்.

தமிழும் சும்மா இருக்கவில்லை. 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தது பாடத்தில் வருகிறதே, அந்த நவாபுகளின் தர்பார் மொழி பாரசீகம். அந்த மாதிரி ஆட்சிகள் வழியாகத் தமிழுக்குள் வந்தவைதான் வக்கீல், தாசில்தார், வசூல், பாக்கி, ஜப்தி, ராஜினாமா, தயார், உஷார், சுமார் எல்லாம். இவை இல்லாமல் ஒரு நாள் பேசிப் பாருங்கள்!

கடைசியாக, உடைந்த உருது விஷயம். ஹைதராபாத்தை 1591-ல் உருவாக்கிய முகம்மது குலி குதுப் ஷா கவிதை எழுதியது தக்னியில். 1700-ல் தெற்கேயிருந்து டெல்லிக்குப் போன கவிஞர் வலி தக்னியின் கவிதைகளைப் பார்த்துத்தான், பாரசீகத்திலேயே எழுதிக்கொண்டிருந்த அங்குள்ள கவிஞர்களுக்கு, நம்ம பேச்சு மொழியிலும் இப்படி எழுதலாமா என்று ஆசை வந்தது. அப்படியென்றால் கவிதையில் எங்க தக்னி அக்கா, வடக்கத்தி உருது தங்கச்சி!

இதையெல்லாம் நானியிடம் தக்னியிலேயே படித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஓ ஆத்மி ஃபிர் கப் ஆத்தா போல்கே மாமூ கூ பூச்."

"அந்த ஆள் திரும்ப எப்ப வர்றார்னு மாமாவைக் கேளு."

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்