பழுது எந்த இடத்தில்?

மோட்டார் நியூரான் நோயில், தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. கை, கால், பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சும் தளர்ந்துபோகும். நோயாளிகளில் 100க்குச் சுமார் 10 பேருக்கு இது குடும்பவழி வருவது. பெற்றோரில் ஒருவருக்குப் பழுதான மரபணு இருந்தால், பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி.

அந்த மரபணுவைத் தேடிய விதம், ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்த எனக்குப் பழகிய வேலையாகவே தோன்றுகிறது. இரு ஸ்டேஷன்களுக்கு நடுவே கேபிள் பழுது என்றால் முழு நீளத்தையும் தோண்டமாட்டோம். சோதித்துச் சோதித்து இடத்தைச் சுருக்குவோம். விஞ்ஞானிகளும் நோய் தொடர்ந்த குடும்பங்களில் ரத்தம் சேகரித்து, எந்தக் குரோமோசோம் துண்டு நோயோடு சேர்ந்தே இறங்கி வருகிறது என்று பார்த்தார்கள். 1991ல் 21ஆம் குரோமோசோம் என்று தெரிந்தது. 1993ல் அதிலுள்ள எஸ்.ஓ.டி.1 மரபணு பிடிபட்டது. பல குடும்பங்களில் அது பழுதின்றி இருந்ததால் தேடல் தொடர்ந்தது. 2011ல் 9ஆம் குரோமோசோமில் இன்னொன்று கிடைத்தது: சில தடவை மட்டுமே வரவேண்டிய ஆறெழுத்துத் துண்டு, நோயாளிகளிடம் நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருகிறது.

இதனால் பயன் உண்டா? உண்டு. எஸ்.ஓ.டி.1 வகைக்கென்றே உருவான டோஃபர்சென் மருந்துக்கு 2023ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நோயை அடியோடு நீக்காது; பழுதான புரதம் உற்பத்தியாவதைக் குறைக்கிறது.

இத்தேடலுக்கெல்லாம் ஆதாரம் குடும்பங்கள் சொன்ன வம்ச விவரம். ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்குத் தாத்தாவின் உடன்பிறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதே தெரியாது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டர் கேட்கும்போது கையில் இருக்கும்.