நிலைய நிர்வாகியின் நேரமும் கடைமடை நீரும்

நாஞ்சில் நாட்டுக் குடியானவர்க்கு நீரின் அருமையைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோதையாற்றுக் கால்வாயில் மேல்மடை வயல்கள் கேளாமலே நனையும். கடைமடை வயல்களோ முறை வைத்துப் பாய்ச்சினாலன்றி நனையா. கிராமப் பொது நிலையத்தை நடத்துவோரின் நேரமும் இத்தன்மையதே. அடிக்கடி வருவோரும் அருகில் வசிப்போரும் உரக்கப் பேசுவோரும் நிர்வாகியின் நாளை முற்றிலும் பருகிவிடுகின்றனர். நான்கு மைல் நடந்து வரும் சிறு விவசாயி கதவு பூட்டியிருப்பதைக் கண்டு திரும்புகிறார். அவருக்கு ஒரு நாட்கூலி நஷ்டம். நிலையத்துக்கோ ஒரு குடும்பம் நஷ்டம். இரண்டாம் முறையும் ஏமாந்தவர் மூன்றாம் முறை வருவதில்லை. ஆதலின் நேரத்தைப் பங்கிடுவது நிர்வாகியின் சொந்த வசதிக்குரிய காரியமன்று; அது நியாயத்தைப் பற்றிய காரியம்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1920-களில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் மார்த்தாண்டத்தில் கிராமப் புனருத்தாரண நிலையம் ஒன்றை அமைத்தனர். அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் அதனை நடத்தினார். கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, கூட்டுறவு விற்பனை முதலியன அங்குக் கற்பிக்கப்பட்டன. கிராம ஊழியர்க்குப் பயிற்சி வகுப்புகளும் நடைபெற்றன. ஜனங்கள் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ள வேண்டும், நிலையத்தார் அருகிருந்து தக்க ஆலோசனை கூற வேண்டும் என்பதே அங்குக் கைக்கொண்ட கொள்கை. 1932-இல் ஹாட்ச் வெளியிட்ட நூலின் வாயிலாக இவ்வேலை வெளிநாடுகளிலும் அறியப்பட்டது.

இக்கொள்கையில் நேரத்தைப் பற்றிய பாடமும் அடங்கியுள்ளது. எல்லாவற்றையும் தாமே செய்ய முற்படும் நிர்வாகிக்கு எந்நாளும் போதாது. பிறரைச் செய்வோராக ஆக்குபவர்க்கே அவகாசம் கிட்டும். மேலும், கூட்டுறவில் முட்டை விற்பதெனின் குறித்த நாளில் சேகரித்து, தரம் பிரித்து, அனுப்பியாக வேண்டும். நாள் தவறினால் முட்டை கெடும். அதனோடு நம்பிக்கையும் கெடும்.

இனி, நிர்வாகிகள் கைக்கொள்ளத்தக்க முறைகளைக் கூறுவோம்.

1. ஆண்டுத் திட்டம். பயிரின் காலத்தை ஒட்டியே நிலையத்தின் காலமும் அமைய வேண்டும். கன்னிப்பூவுக்கு நாற்றங்கால் பாவிய பின்னர் விதை நேர்த்தியைப் பற்றிக் கூட்டம் கூட்டுவது, அறுத்த வயலுக்குக் காவல் போடுவதை ஒக்கும். கும்பப்பூ விதைக்கு வேண்டிய ஏற்பாடுகள் கன்னிப்பூ அறுவடைக்கு முன்னரே முடிந்திருத்தல் நலம். நம் பக்கத்தில் தை முதல் பங்குனி வரை ரப்பர் மரங்கள் தளிர்க்குங்கால் தேன் வரத்து மிகுதி. ஆகையால் தேனீ வகுப்பை மார்கழிக்குள் முடித்துவிட வேண்டும். நடவும் அறுவடையும் மும்முரமாக நடைபெறும் வாரங்களில் எந்தக் கூட்டமும் வைத்தல் ஆகாது.

2. கிராம சபை நாட்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபைக்கென வகுக்கப்பட்டுள்ளன. இவற்றை முதலில் குறித்துக்கொண்டு மற்ற வேலைகளைப் பின்னர் நிரப்புக. மார்ச் மாதக் கூட்டம் உலகத் தண்ணீர் தினத்தன்று கூடுவது. அப்போது கும்பப்பூ அறுவடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். வாய்க்கால் தூர் வாருவதை முடிவு செய்ய அதுவே தக்க சமயம். பேச்சிப்பாறை நீர் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கப்படும். அதன் பின் முடிவு செய்து பயனில்லை.

3. வார முறை. பன்னிரண்டு சிற்றூர்களுக்கு ஒரு நிலையம் எனக் கொள்வோம். வாரத்தில் இரண்டு நாள் நிலையத்தில் இருத்தல்; அவற்றுள் ஒன்று சந்தை நாளாயின், சரக்குடன் வருவோர் வேலை கெடாமலே ஆலோசனையும் பெறுவர். மூன்று நாள் வெளியூர்ச் சுற்று, நாளொன்றுக்கு ஓர் ஊர். ஒரு நாள் கணக்குக்கும் கடிதங்களுக்கும். ஏழாம் நாள் ஓய்வு. இவ்வாறு செய்யின் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வோர் ஊருக்கும் நிர்வாகி நேரில் வந்தவராவார். சுற்றினைத் தொலைவிலுள்ள ஊரிலிருந்து தொடங்குக. அருகிலுள்ளோர் எப்படியும் வருவர்.

4. குறிப்புப் புத்தகம். ஊர், கேட்ட காரியம், பதில் சொல்வதாக வாக்களித்த நாள் என மூன்று பத்திகள் போதும். ஒவ்வொரு மாலையும் மறுநாளுக்குரிய வரிகளைப் படித்துவிட்டே நிலையத்தைப் பூட்டுக. இயலாத காரியத்தை இயலாதென்று அன்றே கூறிவிடுவது, பத்து முறை அலைய வைப்பதினும் மேலான உபகாரம். மாத முடிவில் எவ்வூரின் பெயர் அப்புத்தகத்தில் இல்லை என்று பாருங்கள். அவ்வூருக்குக் குறையில்லை என்பது அதன் பொருளன்று. நீர் எட்டவில்லை என்பதே பொருள்.

5. பொறுப்பைப் பகிர்தல். ஒவ்வோர் ஊரிலும் நம்பத்தக்க ஒருவரிடம் ஒரு காரியத்தை முழுமையாக ஒப்படைத்தல் வேண்டும். நூல் வழங்குதல் ஒருவர்க்கு, விதைக்குப் பெயர் பதிதல் மற்றொருவர்க்கு எனப் பிரித்தால், நிர்வாகி நோயுற்ற நாளிலும் கதவு திறந்திருக்கும். மகளிர்க்கு வசதியான வேளையை அவர்களையே கேட்டு அமைத்தல் அவசியம்.

நிலவுடையோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். நிர்வாகியை நினைத்த நேரமெல்லாம் அழைத்து இருத்திக்கொள்வது, மேல்மடையை இரவில் திறந்துவிடுவதற்குச் சமானம். தங்கள் காரியத்தையும் குறித்த நாளில் குறித்த முறையில் கூறுங்கள். நாள் அட்டவணையை நிலைய வாசலில் எழுதி ஒட்டச் செய்து, அது நிறைவேறுகின்றதா என்று வினவுங்கள்.

அணை நிறைந்திருப்பதைக் கொண்டு விளைச்சலை மதிப்பிடுவோர் நம்முள் இல்லை. கடைசி வயலில் நீர் நின்றதா என்றே கேட்கிறோம். நிலையத்தையும் அவ்வாறே அளந்து பார்ப்போமாக.