சொல்லாமல் சொல்லும் சித்திரங்கள்

(உரைநடைப் பாடம்)

நுழையும் முன்

நாம் நினைப்பதை எல்லாம் சொற்களால் கூறிவிட இயலுவதில்லை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என வாழும் உங்களுக்கு இவ்வுண்மை நன்கு தெரியும். சொல் தயங்கி நிற்கும் இடத்தில் கோடும் வண்ணமும் பேசத் தொடங்குகின்றன. அவ்வாறு பேசிய ஜப்பானிய ஓவியர் ஐவரை இப்பாடத்தில் அறிவோம்.

பாடப்பகுதி

மாணவர்களே! ஒரு கதைநூலைக் கையில் எடுத்தவுடன் நீங்கள் முதலில் படிப்பது எழுத்தையா, படத்தையா? ஜப்பானிய மொழியில் படநூலை ‘எஹொன்’ என்பர். ‘எ’ என்பது ஓவியம். ‘ஹொன்’ என்பது நூல். பெயரிலேயே ஓவியம் முந்தி நிற்கிறது. அந்நாட்டுப் படநூல் ஓவியர்கள் சிலரின் படத்தைக் கண்ட அளவிலேயே இன்னார் வரைந்தது என்று கூறிவிடலாம். அத்தனித்தன்மை எங்கிருந்து பிறக்கிறது? ஓவியர் படத்தில் சேர்த்தவற்றால் மட்டும் அன்று. அவர் வேண்டாம் என்று விட்டவற்றாலும் பிறக்கிறது.

தாளின் வெண்மை

‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ என்னும் நூல் உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கக்கூடும். தெத்சுகோ குரோயானாகி எழுதிய அந்நூல் 1981ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது, தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. அதன் ஓவியங்களை வரைந்தவர் சிஹிரோ இவாசாகி. ஆனால் அவர் அந்நூலைப் பார்க்கவில்லை. 1918இல் பிறந்த அவர் 1974ஆம் ஆண்டே மறைந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களிலிருந்து தம் கதைக்குப் பொருந்துவனவற்றை நூலாசிரியர் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

சிஹிரோ நீர்வண்ணத்தால் வரைந்தார். ஈரத்தாளில் வண்ணம் தானே கசிந்து பரவும். அப்பரவலையே அவர் குழந்தையின் கன்னமாகவும் தொப்பியாகவும் மாற்றினார். பின்புலத்தைப் பெரும்பாலும் நிரப்பாமல் வெண்மையாகவே விட்டார். அவ்வெண்மை குழந்தையின் முகத்தை நம் அருகே கொணர்கிறது.

அவருடைய மென்மைக்குப் பின்னே ஒரு துயரம் உண்டு. 1945ஆம் ஆண்டு தோக்கியோ மீது நடந்த வான்தாக்குதலில் அவருடைய வீடு எரிந்துபோனது. பல்லாண்டுகளுக்குப் பின் வியட்நாமில் போர் நடந்தபோது, ‘போர்த்தீயின் நடுவே குழந்தைகள்’ என்னும் பொருள்படும் நூலை 1973இல் படைத்தார். போரின் கொடுமையை அவர் குழந்தைகளின் கண்களிலேயே காட்டினார். அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் 1977ஆம் ஆண்டு படநூல் ஓவியங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது.

சொல்லற்ற பயணம்

மிட்சுமாசா அன்னோ 1926ஆம் ஆண்டு த்சுவானோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின் முழுநேர ஓவியரானார். 1977இல் வெளிவந்த அவருடைய ‘பயணப் படநூல்’ ஒரு சொல்கூட இல்லாத நூலாகும்.

படகில் ஒருவர் கரை சேர்கிறார். குதிரை ஒன்றைப் பெற்று, ஐரோப்பியச் சிற்றூர்கள், சந்தைகள், நகரங்கள் வழியே செல்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் நூற்றுக்கணக்கான நுண்கோடுகள். வேலை செய்வோர், விளையாடுவோர், விழாக் கொண்டாடுவோர் என மக்கள் நிறைந்திருப்பர். பயணியோ மிகச் சிறியவர். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இறுதியில் குதிரையை விட்டுவிட்டு நடந்து மறைகிறார்.

அவர் யார், எங்குச் செல்கிறார் என்பதை நூல் கூறுவதில்லை. படிப்பவரே கூறிக்கொள்ள வேண்டும். தமிழ்க் குழந்தை தமிழிலும் இந்திக் குழந்தை இந்தியிலும் அக்கதையைச் சொல்லலாம். எவர் சொல்லும் கதையும் தவறாகாது. புதிய ஊரின் மொழி புரியாத நாள்களில், பார்த்தே அனைத்தையும் அறிந்துகொள்ளும் ஒருவரின் கதை அது. 1984ஆம் ஆண்டு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அன்னோவுக்கு வழங்கப்பட்டது. 2020இல் அவர் மறைந்தார்.

இருளிலிருந்து ஒளி

சிஹிரோ வெண்தாளை விட்டுவைத்தார் எனில், கோமாகோ சகாய் கருமையை விட்டுவைக்கிறார். 1966ஆம் ஆண்டு பிறந்த இவர், முதலில் தாளுக்குக் கருமை பூசி, அதன் மேல் பிற வண்ணங்களைத் தீட்டுவார். வண்ணங்களுக்கு இடையே அடியிலுள்ள கருமை ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். பனியும் விளக்கொளியும் அதனால் மேலும் ஒளிர்கின்றன.

இவரது ‘பனி நின்றபின்’ என்னும் பொருள்படும் நூலில், ஒரு முயல்குட்டி காலையில் விழிக்கிறது. வெளியே கடும்பனி, பள்ளி விடுமுறை. தொலைவில் சென்றிருக்கும் தந்தையின் விமானமும் பனியால் புறப்படவில்லை. அடுக்குமாடி வீட்டில் தாயும் குட்டியும் மட்டுமே காத்திருக்கின்றனர். சாலையில் வண்டி இல்லை; எங்கும் ஓசை இல்லை. இரவில் பனி நின்றதும் இருவரும் வெளியே சென்று விளையாடுகின்றனர். தந்தையின் பிரிவைப் பற்றி நூல் நீண்டு பேசுவதில்லை. சாம்பல் நிற வானமும் காலியான தெருவும் அதனைக் கூறிவிடுகின்றன. பணியின் பொருட்டுப் பெற்றோர் பிரிந்திருக்கும் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த அமைதி புதிதன்று.

மெல்லிய கோடு

1973ஆம் ஆண்டு பிறந்த ஷின்சுகே யோஷிதாகே மெல்லிய பேனாக் கோட்டால் சிறிய உருவங்களை வரைபவர். வண்ணம் தீட்டுவதில் தமக்குத் திறம் போதாது என்று அவர் மறைக்காமல் கூறுவதுண்டு. அப்பணியை நூல் வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்துவிடுகிறார். குறையை ஒப்புக்கொண்டு தம் வலிமையில் ஊன்றி நின்றதால், கோடே அவருடைய அடையாளமாயிற்று.

2013இல் வெளிவந்த அவருடைய முதற்படநூலில், பள்ளியிலிருந்து வரும் சிறுவன் மேசைமீது ஓர் ஆப்பிளைக் காண்கிறான். ‘இஃது ஆப்பிள்தானா? வேறொன்றாக இருந்தால்?’ என்னும் ஐயம் அவனுக்கு எழுகிறது. அவ்வொரு கேள்வியிலிருந்து பக்கந்தோறும் புதுப்புதுக் கற்பனைகள் கிளைக்கின்றன. கண்ணெதிரே இருப்பதையும் மீண்டும் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம் என்பதை நகைச்சுவையோடு அந்நூல் உணர்த்துகிறது.

திறக்கும் சாளரம்

ர்யோஜி அராய் 1956ஆம் ஆண்டு வடகிழக்கு ஜப்பானின் யமகதா மாநிலத்தில் பிறந்தவர். செம்மையான கோடு, அளந்த உருவம் ஆகியவற்றை விட்டு, சிறு குழந்தை வரைந்தாற்போன்ற துணிவோடு மஞ்சளையும் நீலத்தையும் இளஞ்சிவப்பையும் அள்ளித் தெளிப்பவர். 2005ஆம் ஆண்டு ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் நினைவு விருதை ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மனுடன் பகிர்ந்துகொண்டார்.

2011 மார்ச் 11ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர், ஊர்கள் அழிந்தன. அவ்வாண்டின் இறுதியில் ‘காலை ஆயிற்று, சாளரத்தைத் திறக்கிறேன்’ என்னும் பொருள்படும் நூலை அராய் வெளியிட்டார். அதில் இடிந்த வீடு இல்லை, அலையும் இல்லை. மலையூரில் ஒரு குழந்தை சாளரத்தைத் திறக்கிறது. நகரத்தில் ஒரு குழந்தை, கடலோரத்தில் ஒரு குழந்தை என ஒவ்வொருவரும் திறக்கின்றனர். வெளியே நேற்றைப்போலவே மலை இருக்கிறது, ஆறு ஓடுகிறது. எல்லாவற்றையும் இழந்தவர்க்கு, நேற்று இருந்தது இன்றும் இருக்கிறது என்பதே பெருஞ்செய்தி அன்றோ! அதனை அறிவுரையாகக் கூறாமல் வண்ணமாகக் காட்டினார் அராய்.

வெண்மையை ஒருவரும் கருமையை ஒருவரும் விட்டுவைத்தனர். சொல்லை ஒருவரும், வண்ணப்பணியை ஒருவரும், செம்மையை ஒருவரும் விட்டனர். விட்ட இடத்திலெல்லாம் படிப்பவர் நுழைய வாயில் அமைந்தது. படம் நன்றாக வரவில்லை என்று நீங்கள் தாளைக் கசக்கி எறியுமுன், அதில் உங்களுக்கே உரிய கோடு ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

சொல்லும் பொருளும்

சாளரம் – ஜன்னல்
பின்புலம் – ஓவியத்தில் உருவத்தின் பின்னே அமையும் பகுதி
ஆழிப்பேரலை – சுனாமி
தனித்தன்மை – ஒருவருக்கே உரிய இயல்பு
ஐயம் – சந்தேகம்

தெரிந்துகொள்வோம்

தமிழில் ‘சலசல’, ‘படபட’ என வருவனவற்றை இரட்டைக்கிளவி என்கிறோம். பிரித்தால் இவை பொருள் தாரா. ஜப்பானிய மொழியிலும் இவை போன்ற சொற்கள் மிகுதி. ‘கிரா கிரா’ என்பது மினுமினு என மின்னுவதையும், ‘டொக்கி டொக்கி’ என்பது நெஞ்சு படபடப்பதையும் குறிக்கும். அந்நாட்டுப் படநூல்களில் இத்தகைய சொற்கள் நிறைந்து காணப்படுகின்றன.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ‘எஹொன்’ என்பதில் ‘ஹொன்’ என்பதன் பொருள் ______.
2. சொல்லே இல்லாத ‘பயணப் படநூல்’ வெளிவந்த ஆண்டு ______.
3. தாளுக்கு முதலில் கருமை பூசுபவர் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. சிஹிரோ வரைந்த ஓவியங்கள் ‘டோட்டோ-சான்’ நூலில் எவ்வாறு இடம்பெற்றன?
2. முயல்குட்டியின் தந்தை வீடு திரும்ப இயலாதது ஏன்?
3. யோஷிதாகே வண்ணப்பணியைப் பிறரிடம் ஒப்படைப்பது ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.
பேரழிவு நிகழ்ந்த ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அராய் அழிவை வரையவில்லை. அது சரியெனக் கருதுகிறீர்களா? காரணம் கூறுக.

ஈ. வரைந்து எழுதுக.
தாளை இரண்டாக மடித்துக்கொள்க. ஒரு பாதியில், நீங்கள் இப்போது வாழும் வீட்டின் சாளரத்திலிருந்து தெரிவதை வரைக. மறுபாதியில், உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் சாளரத்தைத் திறந்தால் தெரிவதை வரைக. நினைவில் இல்லையெனில், பெற்றோரிடம் தமிழில் கேட்டறிந்து வரைக. ஒவ்வொரு படத்தின் கீழும் இரட்டைக்கிளவி ஒன்று அமைய ஐந்து தொடர்கள் எழுதுக.