அசதிக்குப் பத்தியம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

மாதக்கணக்கில் அசதி விடாமல் இருந்தால், பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு சாப்பாட்டு யோசனை இருக்கும். கோதுமையை விட்டுப் பாருங்கள். பாலை நிறுத்துங்கள். அரிசிதான் எல்லாவற்றுக்கும் காரணம். பேலியோவுக்கு வாருங்கள், ஒரே மாதத்தில் எழுந்து ஓடுவீர்கள். ஒவ்வொன்றுக்கும் பலன் கண்ட ஒரு மச்சானோ பக்கத்து வீட்டு அக்காவோ சாட்சிக்கு இருப்பார். ஆனால் அந்தப் பத்தியம் எப்போது முடியும், அதுவரை யார் சமைப்பது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

சமையல் கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். அசதியில் இருப்பவருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் தெம்பு கொஞ்சம்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் அசதிப்படுகிறவரே சமைக்கிறவராகவும் இருக்கிறார். வீட்டாருக்கு இட்லி சாம்பார், தனக்கு வெங்காயம் பூண்டு சேராத இன்னொன்று என்று இரண்டு சமையல் செய்ய வேண்டிவந்தால், பத்தியம் கொடுப்பதைவிடப் பிடுங்குவது அதிகமாகிவிடும். நின்றபடி தோசை வார்க்கும் அரை மணி நேரமே சிலரை மறுநாள் படுக்கையில் தள்ளிவிடுகிறது.

முடிவு பற்றிய கேள்வி பழையது. சித்த மருத்துவத்தில் பத்தியம் ஒரு மருந்தோடு சேர்ந்து வரும், இத்தனை நாள் என்ற கணக்கோடு வரும், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பவும் ஒரு முறை இருக்கும். இன்றைய பத்தியங்களில் பலவற்றுக்குத் தொடங்கும் நாள் மட்டும்தான் குறிக்கப்படுகிறது.

முதலில் ரத்தப் பரிசோதனை

தட்டிலிருந்து எதையாவது எடுப்பதற்கு முன் ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு இருக்கிற குறையைப் பார்க்காமல், அரிதான ஒவ்வாமையைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நார்மல் என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு கரைந்துவிடும். அந்தக் கட்டத்திலேயே களைப்பு தொடங்குவதுண்டு. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும் என்பதால் அப்போது எடுத்த அளவை நம்ப முடியாது.

கூடவே பி12, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சர்க்கரை, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல். மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தைராய்டு அளவை அது தப்பாகக் காட்டவைக்கும். பலமான குறட்டை, மனச்சோர்வு, தினமும் போடும் அலர்ஜி மாத்திரை இவையும் ஆளை அசத்தும். எந்தப் பத்தியமும் இவற்றைத் தொடாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஆறு மாதத்துக்கு மேல் அசதி நீடிக்கிறது. சின்ன வேலைக்கே மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆள் சரிந்துவிடுகிறார். எத்தனை மணி நேரம் தூங்கினாலும் தூங்கி எழுந்த தெளிவு இல்லை. மூளை மந்தமாகிறது அல்லது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இப்படி இருந்தால் எம்.இ. / சி.எஃப்.எஸ். எனப்படும் நாட்பட்ட களைப்பு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். கோவிடுக்குப் பிறகு இந்த நிலைக்கு வந்தவர்கள் உண்டு. எந்த உணவுமுறையும் இதைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோயாளிகளுக்குச் சமச்சீரான சாப்பாட்டையே சொல்கிறது. கட்டுப்பாடான உணவில் இருக்கும் நோயாளியை உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது. அதாவது, பத்தியத்தையே கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்தாக அது பார்க்கிறது.

கோதுமையை விடுவது

சீலியாக் என்பது உண்மையான நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் சிறுகுடலைக் கெடுக்கிறது. வயிற்றுத் தொல்லையே இல்லாமல் ரத்தசோகையும் அசதியுமாக மட்டும்கூட அது வெளிப்படலாம். வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது, தெற்கே மிகவும் அரிது. இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள் இதற்கான டிடிஜி பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

இதில் வரிசை முக்கியம். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். முதலில் கோதுமையை விட்டுவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போவது, தடயத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேடுவது போல. மறுபடியும் ஆறு வாரமாவது தினம் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

சமையல் கணக்கில் பார்த்தால் அரிசி சாப்பிடும் வீட்டுக்கு இது லேசான பத்தியம். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை எதிலும் குளூட்டன் இல்லை. ரவை, சேமியா, மைதா, பரோட்டா, பேக்கரிப் பண்டங்கள் போகும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். சீலியாக் உறுதியானவர்கள் அந்த டப்பாவையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும், மற்றவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். சீலியாக் இல்லாமலே கோதுமையை விட்டுத் தெம்பு வந்தவர்களும் இருக்கிறார்கள். கூடவே பிஸ்கட்டும் பஃப்ஸும் ராத்திரி பரோட்டாவும் போனதால் வந்த தெம்பா என்பதையும் அவர்கள் யோசிக்கலாம்.

ஃபாட்மேப் உணவுமுறை

மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிச்சல் குடல் நோய்க்காக உருவாக்கியது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயுவாகும் சில சர்க்கரைகளை இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கும் முறை. அசதியோடு வயிற்று உப்புசம், வலி, மாறி மாறி வரும் மலச்சிக்கலும் பேதியும் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். வயிறு சரியாக இருக்கும் ஒருவருக்கு இதில் பெறுவதற்கு ஒன்றுமில்லை.

நம் அடுப்படிக்கு இதைவிடக் கடினமான பத்தியம் கிடையாது. சின்ன வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, மொச்சை, பால், மாம்பழம், கோதுமை எல்லாமே பட்டியலில் இருக்கின்றன. பருப்பையும் அளந்துதான் போட வேண்டும். சாம்பாரும் புளிக்குழம்பும் பாதி உருவிழந்துவிடும். ஒரு வழி இருக்கிறது. பூண்டில் தொல்லை தரும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் எண்ணெயில் பூண்டை வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் கிடைக்கும், வயிறும் தாங்கும். தட்டிப் போட்டுக் கொதிக்கவைக்கும் பூண்டு ரசத்தில் அது நடக்காது. பெருங்காயம் மீதியைச் சமாளிக்கும்.

பலர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வயிறு அமைதியானதும் பழையபடி சேர்க்க பயம். ஆனால் நீக்கியவற்றில் பல, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கான தீனி. வருடக்கணக்கில் இழுக்கும் முறை இதுவல்ல. உணவியல் நிபுணர் ஒருவர் கூட இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கீட்டோ, பேலியோ

கீட்டோ 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக முன்வைக்கப்பட்டது. நாளுக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்துதான் அனுமதி. ஒரு கப் சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேலியோ அதன் உறவுக்காரர்: முட்டை, இறைச்சி, பனீர், நெய், பாதாம். சமையல் வேலை குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு முட்டை அவிக்கத் தெம்பு போதும். எடையும் சர்க்கரையும் ஏறி அதனால் அசதிப்படுகிறவருக்கு மாவுச்சத்தைக் குறைப்பதில் நியாயமும் இருக்கிறது. செலவுதான் இடிக்கும், சைவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

ஆனால் முதல் ஒன்றிரண்டு வாரம் உப்பும் நீரும் உடம்பிலிருந்து அதிகம் போவதால் தலைவலி, தசைப்பிடிப்பு, களைப்பு எல்லாம் வரலாம். ஏற்கெனவே விழுந்து கிடப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீட்டோவில் இறங்கினால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேகூட அது நடக்கலாம். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து போகும். மருந்தளவை மாற்றாமல் தட்டை மாற்றக் கூடாது.

மற்றவை, சுருக்கமாக

பதினாறு மணி நேர விரதத்துக்குக் காசும் வேண்டாம், சமையலும் வேண்டாம். ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவர்களுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அது ஆகாது. காலையில் இரண்டு டம்ளர் காபியோடு பொழுதை ஓட்டுவதை விரதம் என்று சொல்லிக்கொள்வதும் நடக்கிறது. வீகனுக்குப் போகிறவர்கள் பி12 மாத்திரையையும் சேர்த்தே போக வேண்டும், ஏனென்றால் சைவர்களுக்கு அதைத் தந்துகொண்டிருந்தது பாலும் தயிரும்தான்.

ரத்தத்தில் ஐஜிஜி அளவைப் பார்த்து நூறு, இருநூறு உணவுகளுக்குச் சிவப்பும் பச்சையும் போட்டுத் தரும் ஒவ்வாமைப் பட்டியலுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு பொருளை நீங்கள் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் ஐஜிஜி சொல்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இந்தப் பரிசோதனையை ஏற்பதில்லை.

எடுப்பதற்கு முன் சேர்ப்பது

வரிசைப்படுத்தச் சொன்னால், எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது எதையும் விடாத வழியை. ஐசிஎம்ஆர் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து கிடைக்கும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. மூன்று வேளையும் சோறும் இட்லியுமாக ஓடும் வீட்டில் அது எளிதாகத் தாண்டிவிடும். இட்லியில் இரண்டைக் குறைத்து அவித்த முட்டையோ சுண்டலோ சேர்ப்பது, கையெட்டும் இடத்தில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் வைப்பது, கீரை வைக்கும் நாளில் எலுமிச்சை பிழிவது. காபியையும் டீயையும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்தால், சாப்பிட்ட இரும்பு உடம்பில் சேரும். டிபன் முடிந்த கையோடு காபி குடிக்கும் ஊரில் இதைச் சொல்வது சுலபமில்லை, தெரியும். இது எதற்கும் இரண்டாவது சமையல் தேவையில்லை.

அதற்குப் பிறகும் ஒரு பத்தியத்தைச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், தொடங்குவதற்கு முன்பே இரண்டு வாரம் தினமும் அசதிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதி வையுங்கள். நாட்பட்ட களைப்பு ஏறி இறங்குவது. தாங்கவே முடியாத வாரத்தில்தான் யாரும் பத்தியத்தில் இறங்குகிறார்கள். அடுத்த வாரம் நோய் தானாகவே சற்று இறங்கும், பெயர் பத்தியத்துக்குப் போய்விடும். மச்சானின் சாட்சியம் பொய்யில்லை, ஆனால் அதில் இந்தக் கணக்கு சேரவில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், நாலு வாரம், பிறகு விட்டதைத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. சேர்த்தும் மதிப்பெண் மாறவில்லை என்றால் அந்தப் பொருளுக்கும் உங்கள் அசதிக்கும் சம்பந்தமில்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே எடை குறைந்துகொண்டிருப்பவர்கள், சாப்பாட்டைக் கண்டு பயப்படும் பழக்கம் ஒருமுறையாவது வந்தவர்கள் இந்தச் சோதனைகளில் தாங்களாக இறங்க வேண்டாம். மற்றவர்களும் மாதவிடாய் நின்றாலோ, முடி கொத்தாக உதிர்ந்தாலோ, கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பயந்து கல்யாணத்துக்கே போகாமல் இருக்கத் தொடங்கினாலோ, நாலு வாரம் முடியும்வரை காத்திராமல் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.